எடைக் குறைப்புப் பயிற்சியாளரிடம் எந்தக் கணக்கைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது?

பிப்ரவரி 3, காலை – வாசகர் கேள்வி

அடுத்த வாரம் ஓர் எடைக் குறைப்புப் பயிற்சியாளரிடம் சேரவிருக்கிறேன். என் எடைக்கருவி, ஸ்மார்ட் வாட்ச், உணவுக் குறிப்புச் செயலி ஆகிய மூன்றையும் தம்முடைய கணக்கோடு இணைத்துவிடும்படி அவர் கேட்கிறார். என்னிடம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அவருக்கு வேலை எளிதாகும் என்றே நினைக்கிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 3, இரவு – என் பதில்

மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் நானும் முதல் நாள் எண்ணினேன். ஒரு பயிற்சியாளரிடம் 14 மாதங்கள் இருந்தேன். அவற்றில் முதல் ஏழு மாதங்கள், கருவியில் நான் ஏறி இறங்கிய மறுநொடியே எடை அவருடைய திரையில் தெரியும்படி எல்லாவற்றையும் இணைத்து வைத்திருந்தேன். மூன்றாவது வாரத்திலேயே என் உணவுக் குறிப்பு பொய்யாகத் தொடங்கிவிட்டது. சாப்பிட்டதைச் சாப்பிடவில்லை என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் வாயில் போட்டுக்கொண்டதை எழுதாமல் விட்டேன். ஒரு கிண்ணத்தை அரைக் கிண்ணமாகப் பதிந்தேன். எடை கூடியிருக்கும் என்று தோன்றிய காலைகளில் கருவியில் ஏறவே இல்லை. அவர் ஒருமுறைகூடக் கடிந்து பேசியதில்லை. அவர் பார்க்கிறார் என்ற நினைவே போதுமானதாக இருந்தது.

எனக்காக எழுதிய குறிப்பு அவருக்காக எழுதும் குறிப்பாக மாறியபோது, அது எங்கள் இருவருக்கும் பயன்படாமல் போயிற்று. ஆகவே மூன்றையும் முதல் நாளே இணைக்காதீர்கள் என்பது என் கருத்து. என்னைக் கேட்டால், தூக்கக் கணக்கையும் இதயத் துடிப்பையும் எந்நாளும் கொடுக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 4

அப்படியானால் எதையும் பதியாமலே இருந்துவிடலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. பதிவது வேறு, பகிர்வது வேறு. நேற்று நான் அவ்விரண்டையும் பிரித்துச் சொல்லத் தவறிவிட்டேன்.

பதிவதன் பயனுக்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேரைக் கொண்டு நடந்து 2008இல் வெளியான ஆய்வில், உணவைத் தினந்தோறும் எழுதிவந்தவர்கள், ஒன்றும் எழுதாதவர்களைவிட இரு மடங்கு எடை குறைத்திருந்தார்கள். எழுதும் ஊக்கம் உள்ளவருக்கு மற்றவற்றிலும் ஊக்கம் இருந்திருக்கலாம் என்பதையும், அவர்கள் வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசினார்கள் என்பதையும் கருத்தில் கொண்டாலும், அந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் எழுதப்பட்ட எண் எவ்வளவு உண்மை என்பது தனிக் கேள்வி. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று முறையிட்ட 10 பேரை ஆராய்ந்த 1992ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அவர்களுடைய உடல் செலவிட்ட ஆற்றலைக் குறியிட்ட நீரின் (உடலில் அதன் போக்கைப் பின்தொடரும்படி அணுக்களில் அடையாளம் வைத்துக் குடிக்கத் தரும் நீர்) துணையால் அளந்தபோது, அவர்கள் உணவைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தது தெரியவந்தது. அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறையேதும் காணப்படவில்லை. ஏமாற்றும் நோக்கம் இல்லாமலே மனிதர் கணக்கு இவ்வளவு வழுவுகிறது என்றால், ஒருவர் பார்க்கிறார் என்ற கூச்சமும் சேரும்போது என்ன ஆகும் என்பதை நான் என் குறிப்பிலேயே கண்டேன்.

பிப்ரவரி 6

எடையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நான் அதிகம் துன்பப்பட்டது இதில்தான்.

என் பழைய பதிவிலிருந்து ஒரு வாரத்தை எடுத்துத் தருகிறேன்: 78.4, 77.9, 78.1, 79.3, 78.6, 78.0, 77.7. நான்காம் நாள் ஒரே இரவில் 1.2 கிலோ ஏறியிருக்கிறது. அன்று காலை அந்த எண்ணைப் பார்த்த பயிற்சியாளர், நண்பகலுக்குள் என் நாள் உணவின் அளவைக் குறைத்துச் செய்தி அனுப்பினார். அந்த 1.2 கிலோவும் கொழுப்பாக இருக்க வேண்டுமானால், தேவைக்கு மேல் 9,000 கலோரிக்குக் கூடுதலாக முந்தைய நாள் நான் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு கிலோ கொழுப்பை ஏறத்தாழ 7,700 கலோரி என்று வைத்துக் கணக்கிட்டால் வருவது இது. உண்மையில் முந்தைய இரவு உப்பு மிகுந்த உணவை வழக்கத்தைவிட நேரங்கழித்துச் சாப்பிட்டிருந்தேன், அவ்வளவுதான். உப்பு நீரைப் பிடித்து வைக்கிறது. மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்ந்துகொள்கிறது. குடலில் இருக்கும் உணவுக்கும் எடை உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் நீர் கூடுவதும், புதிய உடற்பயிற்சிக்குப் பின் தசை நீர் கோத்துக்கொள்வதும் பலருக்குப் பழக்கமானவை.

அந்த வாரத்தின் ஏழு நாள் சராசரி 78.3. அடுத்த வாரச் சராசரி 77.9. இந்த இரண்டு எண்களை மட்டும் அவர் பார்த்திருந்தால், எடை மெதுவாக, ஒழுங்காக இறங்குகிறது என்பதைத் தவிர வேறெதையும் சொல்லியிருக்க மாட்டார். அந்த நண்பகல் செய்திக்குப் பிறகு நான் இரண்டு நாள் பட்டினிபோல் இருந்து, மூன்றாம் நாள் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டேன். பதிவில் அந்த மூன்றாம் நாள் வெறுமையாக இருக்கிறது.

இத்தாலியின் பதுவா நகரத்து மருத்துவர் சாந்தோரியோ, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து தம் எடையையும், உண்டதையும், வெளியேற்றியதையும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நிறுத்துப் பார்த்துவந்தார். கண்ணுக்குத் தெரியாமல் உடலிலிருந்து வெளியேறும் ஈரத்துக்கும் எடை உண்டு என்று அவர் கண்டுகொண்டதற்கு அந்தப் பொறுமைதான் காரணம். ஒரு நாளின் எடையை வைத்து உடலைப் படிக்க முடியாது என்பதை அவரை நினைக்கும்போதெல்லாம் உணர்கிறேன்.

நாள் எடையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளருக்கு வாரச் சராசரி போகட்டும்.

பிப்ரவரி 7

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். பழைய செய்திகளை மீண்டும் தேடிப் படித்தேன். உணவைக் குறைக்கச் சொல்வதற்கு முன் அவர், “நேற்று இரவு வழக்கத்துக்கு மாறாக ஏதாவது உண்டா?” என்று கேட்டிருக்கிறார், “ஒன்றும் இல்லை” என்று நான் பதில் எழுதியிருக்கிறேன். எண்ணைக் கொடுத்துவிட்டு அதன் விளக்கத்தைக் கொடுக்காமல் இருந்தது நான்தான். எண் போய்விட்டதே, பேச்சு எதற்கு என்ற எண்ணம் அப்போது எனக்கு இருந்திருக்க வேண்டும். பழியை முழுவதும் அவர்மேல் போட்டது சரியில்லை.

பிப்ரவரி 9

வாட்ச் காட்டும் ‘எரித்த கலோரி’யைப் பற்றிக் கேட்டவருக்கு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரைக் கொண்டு ஏழு கைக்கருவிகளைச் சோதித்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இதயத் துடிப்பை அளப்பதில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தது. ஆற்றல் செலவை அளப்பதில், இருந்தவற்றுள் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது; மிக மோசமானது 93 விழுக்காடு. கருவிகள் அதன்பின் மாறியிருக்கின்றன என்றாலும், மணிக்கட்டின் அசைவையும் துடிப்பையும் கொண்டு ஆற்றலை ஊகிக்கும் வழி அதுவேதான். இந்த எண்ணைப் பயிற்சியாளரிடம் கொடுத்தால், 400 கலோரி எரித்திருக்கிறீர்கள், ஆகவே இன்று இன்னும் 200 சாப்பிடலாம் என்ற வகையான அறிவுரை பிறக்கிறது. எனக்கு அப்படிப் பிறந்தது. எடை ஐந்து வாரம் அசையாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னர் நாங்கள் இருவரும் கண்டுகொண்டோம்.

நடைக் கணக்கைக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 10,000 காலடி என்ற இலக்கை யாராவது விதித்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணியின் பெயரிலிருந்து வந்தது அது; மருத்துவ ஆய்விலிருந்து வந்ததன்று. சராசரியாக 72 வயதுடைய ஏறத்தாழ 16,700 பெண்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 4,400 காலடி நடந்தவர்களிடையேகூட, மிகக் குறைவாக நடந்தவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. 7,500 காலடிக்கு மேல் அந்த நன்மை கூடிக்கொண்டே போகவில்லை. அது எடையைப் பற்றிய ஆய்வு அல்ல, இறப்பைப் பற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கருவி இருந்தாலே எடை குறையும் என்று நம்புகிறவர்கள் 2016இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வைப் பார்க்க வேண்டும். 471 பேர், எல்லாருக்கும் முதல் ஆறு மாதம் ஒரே வகைப் பயிற்சி, அதன்பின் ஒரு பாதியினருக்கு உடலில் அணியும் கருவியும் அதோடு இணைந்த இணையதளமும் தரப்பட்டன. 24 மாத முடிவில் கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோவும், மற்றவர்கள் 5.9 கிலோவும் குறைத்திருந்தார்கள். கருவிதான் தடுத்தது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. கருவியை இணைத்துவிட்டோம், இனி வேலை தானே நடக்கும் என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு இது எனக்குப் போதும்.

எடைக்கருவியின் கொழுப்பு விழுக்காட்டையும் விட்டுவிடுங்கள். உள்ளங்காலில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடல் அதை எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்துச் செய்யும் ஊகம் அது. ஒரு குவளை நீர் குடித்தாலோ, நன்றாக வியர்த்தாலோ மாறிவிடும்.

பிப்ரவரி 10

மருத்துவரைப்போலப் பயிற்சியாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பல இடங்களில் அவர் அப்படிக் கடமைப்பட்டவர் அல்லர். மருத்துவர்க்குரிய இரகசியக் காப்புச் சட்டங்கள், மருத்துவத் தொழிலில் பதிவு பெறாத பயிற்சியாளரையோ, செயலியை நடத்தும் நிறுவனத்தையோ பெரும்பாலும் தொடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிமுறை உடல்நலத் தரவைத் தனிப் பாதுகாப்புக்கு உரியதாக வைத்து, தம் தரவின் நகலைக் கேட்கவும், அழிக்கச் சொல்லவும் மக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அத்தகைய சட்டம் இல்லாத இடங்களில் உங்களுக்கு உள்ள காப்பு, பயிற்சியாளரோடு நீங்கள் எழுத்தில் செய்துகொள்ளும் உடன்பாடுதான்.

அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 2018இல் மைஃபிட்னஸ்பால் என்ற உணவுக் குறிப்புச் செயலியின் ஏறத்தாழ 15 கோடிக் கணக்குகளின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் மறையாக்கிய கடவுச்சொற்களும் திருடுபோயின. ஓடுபவர்களின் தடங்களைத் திரட்டி ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் இராணுவ முகாம்களின் உள்வழிகள் துலங்கித் தெரிவதை 2018 ஜனவரியில் ஒரு மாணவர் எடுத்துக்காட்டினார். உங்கள் காலை நடையின் தடம் தொடங்குவதும் முடிவதும் உங்கள் வாசலில்தான். அந்தத் தடம் எடைக் குறைப்புக்கு எதற்கு?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடவுச்சொல்லை ஒருபோதும் கொடுக்காதீர்கள். செயலியின் வழியாக அனுமதி மட்டும் கொடுங்கள். கைபேசியில் உடல்நலத் தரவைச் சேர்த்து வைக்கும் ஆப்பிள் ஹெல்த்திலும் ஆண்ட்ராய்டின் ஹெல்த் கனெக்டிலும் எடை, காலடி, தூக்கம், மாதவிடாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி தரலாம். ‘எல்லாவற்றையும் அனுமதி’ என்ற பொத்தான் மேலே இருப்பதால் கைவிரல் அங்கேதான் போகும். அதைத் தவிர்த்துக் கீழே இறங்குங்கள். இடத்தரவை அடைத்துவிடுங்கள்.

பிப்ரவரி 12

முதல் குறிப்பில் தூக்கக் கணக்கை எந்நாளும் கொடுக்க வேண்டியதில்லை என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று என்றால், அந்தக் காலத்தை நினைத்துப் பார்ப்பது எளிதாக இல்லை என்பதுதான் காரணம்.

ஏழாம் மாத முடிவில் நான் எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டேன். பயிற்சியாளரிடம் நேரில் சென்று, இவ்வளவு நாளும் என் குறிப்பு உண்மையானதாக இல்லை என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எழுதாமல் விட்ட நாள்கள் எவை என்று மட்டும் சொல்ல முடியுமா? அந்த நாள்களில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எனக்கு வேண்டாம்” என்றார். நான் மறைத்தது உணவை. அவர் கேட்டது நாள்களை. வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லாததால் கொடுத்தேன்.

மூன்று மாதத்தில் வெற்று நாள்கள் 19 இருந்தன. இருவரும் அமர்ந்து அவற்றை மற்றக் கணக்குகளின் அருகே வைத்துப் பார்த்தோம். 19இல் 15 நாள்கள், முந்தைய இரவு நான் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய நாள்கள். இந்தத் தொடர்பு எனக்கு அதுவரை தெரியாது; உணவுக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அதற்குப் பின் இரண்டு மாதம் அவர் என் உணவைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் பேசவில்லை. படுக்கைக்குப் போகும் நேரத்தைப் பற்றியே பேசினார். அந்த இரண்டு மாதங்களில் குறைந்த எடைதான் இன்றுவரை திரும்பி ஏறாமல் இருக்கிறது.

ஆகவே, அந்தரங்கத்துக்காக நான் பூட்டி வைக்கச் சொன்ன கணக்கே எனக்குக் கைகொடுத்தது. இப்போதும் தூக்கத்தை நேரடியாக இணைக்கச் சொல்ல மாட்டேன்; ஏனென்றால் நீங்கள் எப்போது உறங்குகிறீர்கள், எப்போது வீட்டில் இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் எத்தனை இரவுகள் குறைவாகத் தூங்கினீர்கள் என்ற எண்ணையும், வெற்று நாள்கள் எவை என்பதையும் மறைக்காதீர்கள்.

பிப்ரவரி 13

தனிச்செய்தியில் எழுதியவருக்கு, பெயரில்லாமல், இங்கேயே பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் தேவைப்படலாம். உணவுண்ணும் கோளாறு முன்பு இருந்தவர்கள் நான் மேலே எழுதிய எதையும் அப்படியே பின்பற்ற வேண்டாம். அத்தகைய கோளாறு கண்டறியப்பட்ட 105 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஒரு கலோரிச் செயலியைப் பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் 73 விழுக்காட்டினர் அது தம் கோளாற்றுக்கு ஓரளவேனும் காரணம் என்று கருதினார்கள். முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். பயிற்சியாளரிடமும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எடையை அறிந்தே ஆக வேண்டும் என்றால், எண்ணை நீங்கள் பார்க்காமல், மருத்துவமனையில் வேறொருவர் பார்த்துக் குறித்துக்கொள்ளும் முறை இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 15

வாரச் சராசரி, வாரக் குறிப்பு என்றெல்லாம் சொல்கிறீர்களே, அது எப்படி இருக்கும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எட்டாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறு மாலையும் நானே தட்டச்சு செய்து அனுப்பிய அரைப்பக்கம்தான் அது. ஏழு நாள் எடைச் சராசரியும் அதற்கு முந்தைய வாரத்தின் சராசரியும் முதல் வரியில் இருக்கும். உணவை எத்தனை நாள் பதிந்தேன், எவை வெற்று நாள்கள் என்பது அடுத்தது. காலடிச் சராசரி, ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய இரவுகளின் எண்ணிக்கை. அவற்றின் கீழே அந்த வாரத்தைப் பற்றி மூன்று நான்கு வாக்கியங்கள்: “வியாழன் வேலை முடிய இரவு ஒன்பது மணி ஆயிற்று, வந்ததும் நின்றபடியே சாப்பிட்டேன்” என்பதுபோல.

அந்த வாக்கியங்களை எழுத எண்களைவிட அதிக நேரம் பிடித்தது. ஆனால் அவர் பதில் எழுதியதெல்லாம் பெரும்பாலும் அவற்றுக்குத்தான். எண்களை ஒரு இயந்திரம் அனுப்பிவிடும். நின்றபடியே சாப்பிட்டதை இயந்திரம் அனுப்பாது.

இதில் இழப்பும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஒருமுறை காய்ச்சலில் விழுந்து இரண்டு வாரம் குறிப்பு அனுப்பவில்லை. எடை விரைவாகக் குறைந்துகொண்டிருந்ததை அவர் அறியவில்லை. நேரடி இணைப்பு இருந்திருந்தால் நான்காம் நாளே அழைத்திருப்பார். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், எடை குறையும்போது மருந்தின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், வாரக் குறிப்பு போதும் என்று தாமே முடிவு செய்துவிடக் கூடாது.

மற்றொன்று. நேரடி இணைப்பு கேட்கும் பயிற்சியாளரிடம், “இந்த எண் மாறினால் நீங்கள் எனக்குச் சொல்லும் அறிவுரை எப்படி மாறும்?” என்று ஒவ்வொரு எண்ணுக்கும் கேளுங்கள். பதில் சொல்ல முடிந்த எண்ணைக் கொடுங்கள். பலரைக் கவனிக்கும் ஒருவரால் ஒவ்வொருவருடைய துடிப்பு வரைபடத்தையும் திறந்து பார்க்க முடியாது. பார்க்கப்படாத தரவு எங்கோ ஒரு கணினியில் கிடந்து, உங்களுக்குக் கெடுதலை மட்டும் வளர்க்கும்.

பிப்ரவரி 18

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். அந்தக் கேள்வியைப் பயிற்சியாளரிடம் அப்படியே கேட்டாராம். எடையும், உணவு பதிந்த நாள்களும் போதும், வாட்ச் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம். நல்ல ஆள் என்று தோன்றுகிறது. எடையை நேரடியாக இணைப்பதா வாரத்துக்கு ஒருமுறை அனுப்புவதா என்பதில் இன்னும் தயக்கம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் நான்கு வாரம் இணைத்துப் பாருங்கள், ஆனால் எடை கூடியிருக்கும் என்று தோன்றும் காலைகளில் கருவியில் ஏறாமல் தவிர்க்கிறீர்களா என்பதைக் கவனியுங்கள். தவிர்த்தால் இணைப்பை நிறுத்திவிட்டு அவரிடம் சொல்லுங்கள். அவர் வருத்தப்பட மாட்டார்.

இன்னொன்றும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். என் பயிற்சி முடிந்து ஐந்து மாதம் கழித்து, வேறு ஏதோ தேடி அமைப்புகளுக்குள் போனபோது, முதல் ஏழு மாதங்களில் நான் கொடுத்த அனுமதிகளில் ஒன்று உயிரோடு இருந்தது. நான் அறுத்தது எடைக்கருவியின் இணைப்பை. உணவுச் செயலியின் பக்கம் இருந்த அனுமதி அப்படியே இருந்திருக்கிறது. பயிற்சியாளரிடம் கேட்டதற்கு அவருக்கே அது தெரியவில்லை; அவர் பயன்படுத்திய மென்பொருள் தானாக இழுத்துக்கொண்டிருந்தது. அன்று மாலையே இரு பக்கமும் நிறுத்தினோம்.

பயிற்சி முடியும் தேதியை இப்போதே நாள்காட்டியில் குறித்து, அன்று செய்ய வேண்டியதையும் அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்: முதலில் உங்கள் பதிவு முழுவதையும் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுதல், பிறகு ஒவ்வொரு செயலியிலும் அனுமதியை நீக்குதல், அதன்பின் அவரிடம் இருக்கும் நகலை அழித்துவிட்டதாக ஒரு வரி எழுதி வாங்குதல். இந்த வரிசை மாறக் கூடாது. நான் அவசரப்பட்டு முதலில் கணக்கை அழித்ததால், மேலே சொன்ன 19 நாள்களின் பட்டியல் இப்போது என்னிடம் அவர் கைப்பட எழுதிய தாளாக மட்டுமே இருக்கிறது.